சுவருக்குப் பின்னால் இரண்டு சிலிண்டர்கள்

“ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனி கேஸா? சிலிண்டர்ல என்னம்மா இருக்கு, எல்லாம் கையில இருக்கு!” என்று வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார் மாமனார்.

“நம்ம கேஸ்ல கால்வாசி கார்பன் டை ஆக்சைடு, மாமா. இரும்பு கேட்டுக்கு அது போதும். பால் தொட்டிக்கு அடிச்சா, வெல்டுல கார்பன் ஏறித் துரு பிடிக்கும். நான் வாங்கினதுல அது நூத்துக்கு ரெண்டுதான், மிச்சமெல்லாம் ஆர்கான்” என்றாள் மருமகள்.

“முப்பது வருஷமா என் வெல்டு பேசுது. மூணு வருஷமா உன் வாய் பேசுது.”

பால் கம்பெனி இன்ஜினியர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு தொட்டிகளுக்கான ஆர்டர் அவர் பையில் இருந்தது.

“ஆளுக்கு ஒரு தகடு வெல்டு வைங்க. ஒரு வாரம் உப்புத் தண்ணியில கிடக்கட்டும். ரெண்டும் துருப்பிடிச்சா, நான் வேற பட்டறையைப் பார்த்துக்கறேன்.”

“துருப்பிடிக்காத தகடு எந்த சிலிண்டர்ல வச்சதோ, அதுலதான் பன்னிரண்டு தொட்டியும். எழுதிக்குங்க, சார்!” என்றார் மாமனார்.

இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

சிலிண்டர்கள் பின்சுவருக்கு அப்பால் நின்றன. ட்யூப்கள் மட்டும் துளை வழியே உள்ளே வந்தன. மருமகள் போய் அவற்றை மாட்டிவிட்டு வந்தாள். இரு மெஷின்களிலும் ஒரே ரகக் கம்பி. தகடுகளும் ஒரே துண்டிலிருந்து வெட்டியவை.

மாமனாரின் தகட்டில் ஒரு பொறிகூடத் தெறிக்கவில்லை.

“பார்த்தியா, இன்னிக்குக் கை வெண்ணெய் மாதிரி ஓடுது!”

மருமகளின் மெஷினோ படபடவென்று வெடித்தது.

“என்னம்மா, சோளம் பொரிக்கிறியா?”

“உங்க கை எனக்கு வருமா, மாமா?” என்றாள் அவள், தெறித்த துளிகளைச் சுரண்டியபடி.

எட்டாம் நாள் இன்ஜினியர் வாளிக்குள் கையை விட்டார். மருமகளின் தகட்டில் வெல்டு நெடுகப் பழுப்புத் துரு. மாமனாரின் தகடு கண்ணாடிபோல் மின்னியது.

பட்டறையே அதிரச் சிரித்தார் மாமனார். “அந்த ரெண்டு பர்சென்ட் சிலிண்டரை இன்னிக்கே திருப்பி அனுப்பிடு!”

மருமகள் இன்ஜினியரிடம் பேனாவை நீட்டினாள். ஆர்டரில் கையெழுத்தாயிற்று.

“ஜெயிச்ச சிலிண்டரோட நம்பரைக் குறிச்சுக்கறேன்” என்ற இன்ஜினியர், மாமனாரின் மெஷினிலிருந்து கிளம்பிய ட்யூபைத் தொட்டுக்கொண்டே சுவருக்குப் பின்னால் போனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்தொடர்ந்தார் மாமனார்.

ட்யூப், மருமகள் வாங்கிய சிலிண்டரில் போய் முடிந்தது.

“என் கையால ஜெயிச்சிருந்தா, தகட்டுல ஏதோ கோளாறுன்னு சொல்லியிருப்பீங்க, மாமா” என்றாள் மருமகள். “அதான், உங்க கையாலயே ஜெயிச்சேன்.”