ஓங்கிய கைகள்

மூத்த மகன் திருமாறன் கூண்டுச் சண்டையில் பிடரியில் அடிபட்டுச் செத்த பிறகு, செங்கமலம் வழக்குமேல் வழக்காகப் போட்டு, பிடரியிலும் முதுகிலும் அடிப்பதையே தடை செய்ய வைத்தாள். சண்டைக்காரர்கள் எல்லோருடைய இரு தோள்களிலும் மின்னணுச் சில்லு பதிக்கப்பட்டது. கூண்டுக்கு உள்ளேயோ வெளியேயோ, அந்த இடங்களை நோக்கி ஓங்கிய கை அரைமணி நேரம் துவண்டு கிடக்கும். சில்லு வைக்க இளையவன் கதிரேசனை முதல் ஆளாக அவளே கூட்டிப்போனாள்.

அவன் பட்டம் வென்றதற்கு வீட்டில் கறிவிருந்து. பயிற்சிக்கூடத்துச் சண்டைக் கூட்டாளிகள்தான் பந்தி முழுக்க.

"யம்மா, கூண்டுல கூட இவ்ளோ வேகமில்ல, உங்க ஆட்டைத்தான் நாக் அவுட் பண்றான்!" என்றான் சாலமன்.

"கண்ணு வைக்காதடா, எம்புள்ள முழுசா வீடு வந்திருக்கான்" என்று வாயில் கறியோடு சிரித்த செங்கமலத்துக்குத் தொண்டையில் எலும்பு அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை.

கதிரேசன் அவளைக் குனியவைத்து, முதுகில் அடிக்கக் கை ஓங்கினான். கை துவண்டு விழுந்தது. மறுகையை ஓங்கினான், அதுவும் விழுந்தது.

"டேய், யாராச்சும் அடிங்கடா! எங்கம்மாவ அடிங்கடா!"

எல்லோரும் பதறி ஓடிவந்து ஓங்கினார்கள். ஈரத்துணி போலத் தொங்கும் கைகளோடு அத்தனை பலசாலிகளும் சுற்றி நிற்க, நடுவில் அவள் அடங்கிப்போனாள். முதுகில் கடைசிவரை ஒரு அடிகூட விழவில்லை.