ஐந்தாவது சோடி

ஒரே நாளில் பாங்கொக் முழுவதையும் பார்த்துவிடுவதென்று கஜந்தினியும், தங்குவிடுதியில் பழக்கமான மூன்று பெண்களும் முதுகுப்பைகளோடு ஓடித்திரிந்தார்கள். விகாரைக்கு விகாரை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வெளியே வரும்போதெல்லாம் அவர்களுடைய நான்கு சோடிகளை ஒட்டி ஐந்தாவதாக ஒன்று கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. அறுந்த வாரை ஊக்கு குத்திப் பிடித்திருந்தது. கடைசி விகாரையில் மழை. அங்கேயும் அது நனைந்தபடி கிடந்தது. அதைப் பற்றிக் கதைக்க ஒருத்திக்கும் தெம்பில்லை.

மொன்றியலில் வந்திறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் விழுந்தால் போதும் என்றிருந்தது கஜந்தினிக்கு. நகரின் புறத்தே ரொக்ஸ்பரோவில் இருக்கும் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே, அம்மாவின் பனிச்சப்பாத்துக்குப் பக்கத்தில் அந்த நீலச் சோடி. ஊக்கு அப்படியே இருந்தது. அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத் தட்டு வைப்பது அம்மாவின் வழக்கம். தாயும் மகளும் மட்டுமே இருக்கும் அந்த வீட்டு மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன.

“ஆரம்மா வந்திருக்கிறது?”

“மெல்லக் கதை பிள்ளை,” என்றாள் அம்மா. “உன்ர கட்டிலிலதான் படுத்திருக்கு. பாவம், உன்னைவிடக் களைச்சுப்போய் வந்திருக்கு.”