ஆறாம் தொட்டி விளக்கு

வலையில் மீன்குஞ்சுகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ கால் உதைத்தது.

பண்ணைக்காரி அதை உள்ளங்கையில் கவிழ்த்தாள். பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு நீர்வண்டு. பின்னால் ஒரு காற்றுக்குமிழி, முன்கால்களில் ஒரு குஞ்சு. பாதியைத் தின்றே முடித்திருந்தது.

"அப்பாடா" என்று தொட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அப்படியானால் திருடியது தம்பி இல்லை.

திருட்டு வழக்கில் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் அவன். புருஷனோடு மல்லுக்கட்டித்தான் அவனுக்கு இங்கே வேலை வாங்கித் தந்திருந்தாள். ஒரு மாதமாகக் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. இன்றும் குறைந்திருந்தால் மச்சினனை அனுப்பிவிட வேண்டும் என்று புருஷன் சொல்லிவிட்டார். அதைத் தம்பியிடம் சொல்ல வேண்டியது அவள்தான்.

திருடனைப் பிடிக்க அவளே இந்த ஆறாம் தொட்டிக்கு மேல் விளக்கு மாட்டியிருந்தாள். அதன்பிறகுதான் குஞ்சுகள் இன்னும் வேகமாகக் குறைந்தன. விடிய விடிய எரிய வேண்டிய விளக்கு தினமும் காலையில் அணைந்தே கிடந்தது. எல்லோரும் படுத்தபின் தம்பிதான் வந்து அணைக்கிறான் என்றார் காவல்காரர். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வண்டைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சுருக்கென்று கடித்தது. கடித்தால் கடிக்கட்டும்.

தம்பி பையைக் கட்டிவைத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவள் கையைப் பிரித்துக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை இழுத்து வைத்தான். கழுத்துவரை செத்த வண்டுகள். அவன் விரல் நுனியெல்லாம் கடித்த தடம்.

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இவை பறந்துவந்து தண்ணீரில் விழுகின்றன என்றான். அதனால்தான் அணைத்தானாம்.

ஆக, பளிச்சென்று விளக்குப் போட்டு, வாருங்கள் சாப்பிடுங்கள் என்று பந்தி விரித்தது அவளேதான். சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவன் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

அவன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த வெளக்கு எனக்காகத்தான் மாட்டுனதுன்னு தெரியும்க்கா. அத நானே எப்படி கழட்டச் சொல்றது?"

அவள் பையைப் பிரித்து, அவன் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட ஆரம்பித்தாள்.