சின்ன இடம்தான்

"இந்த ஊர்ல உங்களுக்கு ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது தம்பி. ஏதாவது மிச்சம் வெச்சீங்க, அங்க போய்ச் சம்பாதிக்கிறதுக்கும் சேர்த்து இங்க வரி கேப்பாங்க."

இதைச் சொல்லும்போது வரி ஆலோசகர் இரண்டு விரல்களால் காற்றை வெட்டிக் காட்டுவார். அதனாலேயே அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். தற்காலிக விசாவில் வேலைக்கு வந்து, விசா முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு வரிக் கணக்கை முடித்துக் கொடுப்பது தொழில். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரங்கள் சுற்றும்போதெல்லாம் அவருடைய மேசையும் நடுங்கும். வருகிறவர்கள் தாங்கள்தான் நடுங்குகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதிரே லிஃப்ட் மெக்கானிக் ஒருவனும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை விமானம்.

"வீடு?"

"சாவியைக் கொடுத்தாச்சு சார்."

"வண்டி?"

"வித்துட்டேன்."

"கரண்டு, போனு?"

"எல்லாம் கட் பண்ணியாச்சு."

"சபாஷ். எல்லாரும் உங்களை மாதிரி வந்தா நான் உக்காந்த இடத்துலயே ஒரு தூக்கம் போட்டுடலாம். பேங்க் கணக்கு?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"அது மட்டும் இருக்கட்டும் சார்" என்றாள்.

"அதெப்படிம்மா? இங்க கணக்கு இருந்தா, வேற என்னெல்லாம் இருக்குன்னு தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"மூடிடறோம் சார். அவ ஏதோ சொல்றா" என்றான் மெக்கானிக். பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அங்க கெடைக்கப்போற சம்பளம் வீட்டு வாடகைக்கே இழுபறி. இதுல ரெண்டு ஊருக்கு வரி கட்ட முடியுமா? சொன்னாக் கேளும்மா. ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிடும்."

"மூடக் கூடாதுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கீழே இயந்திரம் நின்ற நேரமாகப் பார்த்துச் சொன்னதால் அறை முழுக்கக் கேட்டது.

கத்தரிக்கோலுக்கு மூக்கில் வியர்த்தது. ஆடிட்டர் பரீட்சை அவரை எத்தனையோ தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாலும், ஒளித்துவைத்த சொத்தை மோப்பம் பிடிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. வங்கிக் கணக்கின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார்.

"இதென்ன தம்பி, வருஷா வருஷம் பராமரிப்புன்னு ஒரு தொகை தானாப் போகுது?"

மெக்கானிக் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"இடம் ஏதாவது வாங்கிப் போட்டிருக்கீங்களா?"

"சின்ன இடம்தான்" என்றாள் அவள்.

"அப்படிப் போடுங்க!" கத்தரிக்கோல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "தலை நரைக்கிற வரைக்கும் இந்த ஊர்ல குப்பை கொட்டியாச்சு. என் பேர்ல கையகல மண்ணு கெடையாது. நீங்க வந்த வேகத்துல வாங்கிட்டீங்க. கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க!"

அவருடைய நகைச்சுவைக்கு வரிக்குப் பயந்தாவது யாராவது சிரிப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்து முடித்துக்கொண்டு கேட்டார்.

"காலி மனையா, ஆள் இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா சார்."

"வாடகை தர்றாளா?"

"இல்ல."

"சொந்தக்காரப் பொண்ணா?"

"ஆமா சார்."

"இங்கதான் எல்லாரும் கோட்டை விடறீங்க. சொந்தம்னு சும்மா கொண்டுபோய் வெப்பீங்க. அப்புறம் அவங்க நகரவே மாட்டாங்க. இன்னிக்கே போய்க் காலி பண்ணச் சொல்லுங்க."

"சார், போதும்." மெக்கானிக் எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த இடமும் அந்தப் பொண்ணும் இங்க இருக்கிற வரைக்கும், நீங்க இந்த ஊரை விட்டுப் போனதாவே கணக்கு இல்லை."

அவள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"நெஜமாவா சார்?"

"பின்ன? வீட்டு ஆள் ஒருத்தர் இங்க இருக்கும்போது, போயிட்டோம்னு நீங்க தலைகீழா நின்னு சொன்னாலும் அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

வரியைப் பற்றிப் பேசும்போது ஒரு முகத்தில் இவ்வளவு நிம்மதி வருவதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"அப்போ அந்த வரியைக் கட்டிடறோம் சார்" என்றாள்.

கத்தரிக்கோல் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். வரி கட்டாமலிருக்க வழி கேட்டு அவர் காலில் விழுந்தவர்கள் உண்டு. கட்ட வழி கேட்டு இதுவரை ஒருவரும் படியேறியதில்லை. பேனாவை எடுத்தார்.

"உங்க இஷ்டம்மா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. இடம் எவ்வளவு பெருசுன்னு எழுதணும், சொல்லுங்க."

அவள் கைப்பையைக் கீழே இறக்கி வைத்தாள். இயந்திரம் மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது. நடுங்கும் மேசையின் மேல், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கையையும் பேனா டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கையையும் ஊன்றி, நடுவில் இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இவ்வளவுதான் சார். புல்லு வெட்டி, கல்லைத் துடைச்சு வெக்கத்தான் அந்தப் பராமரிப்பு. பொறந்து ஒரு வாரம்தான் எங்ககூட இருந்தா."