பின்சீட்டு வாசனை

ரிப்பேருக்கு விட்டு எடுத்த கார்ல பெட்ரோல் வாசனைன்னு ஆரம்பிச்சாலே போதும், "மெக்கானிக் ஏமாத்திட்டான், அதானே?"ன்னு நீங்களே கதையை முடிச்சு வச்சிடுவீங்க. கொஞ்சம் பொறுங்க. இங்க மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேற ஒரு ஆளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியாச்சு.

அந்த ஆள், அவளோட தம்பி.

கட்டினது, அவ புருஷன். நம்பினது, அவ.

"வாசனை என்னிக்கு வருது? உன் தம்பி வண்டியக் கொண்டாந்து விடற அன்னிக்கு! ட்யூப் போட்டு உறிஞ்சறான்டி. வாராவாரம் அவன் காலி பண்றதை நான்தான் ரொப்பிக்கிட்டிருக்கேன்"னு புருஷன் ஏத்திவிட, நேத்து சாயங்காலம் தம்பிக்கு போனைப் போட்டுட்டா.

"டேய், அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வண்டிய வாங்கிட்டு, பெட்ரோலைத் திருடறியாடா?"



"சரிக்கா. இனிமே அம்மாவ பஸ்லயே கூட்டிட்டுப் போயிக்கறேன்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தாக்கூட அவளுக்கு நிம்மதியா இருந்திருக்கும். வாசப்படி ஏறினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பஸ்ஸாம்!

காலையில கார் ஒர்க்‌ஷாப்ல வந்து நின்னுது. புருஷன் இறங்கி, சுத்தி வந்து, பின்கதவைத் திறந்துவிட்டாரு. மரியாதையெல்லாம் இல்ல, அந்தக் கதவு உள்ளேர்ந்து திறக்காது. முன்சீட்டு எப்பவும் அவரோட ஆபீஸ் பைக்குத்தான். அவ முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கினா.

மெக்கானிக்குக்குத் தெருவுல "மோப்பம்"னு பட்டப்பேரு. எந்த வண்டி வந்தாலும் முதல்ல மோந்து பாப்பாரு, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவாரு.

பக்கத்துல ஒரு பழைய டயர் மேல, பெட்ரோல் பங்க்ல வேலை பாக்கற ஒரு அக்கா, யூனிபார்ம் தொப்பியோட, காதுல பாட்டு ஒயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அவ ஸ்கூட்டிக்குப் பஞ்சர்.

"ஒரே மாசத்துல வண்டிய நாறடிச்சிட்டியேப்பா!" புருஷன் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில, சாவியை விரல்ல சுத்திக்கிட்டே கேட்டாரு. "இல்ல, வேற யாராச்சும் கைவச்சானான்னு பாத்துச் சொல்லு."

மோப்பம் தலையை உள்ள விட்டாரு. மூக்கு முன்னால போச்சு, பின்னால வந்துச்சு, பின்சீட்டுல நின்னுபோச்சு. சீட்டைத் தூக்கினாரு. அடியில டேங்க் மூடி. அதைச் சுத்தி ஈரம்.

"என் தப்புதான் சார். போன மாசம் டேங்க்குக்குள்ள பெட்ரோல் பம்ப்பு மாத்தறப்ப, மூடியோட ரப்பர் ரிங்கு பிதுங்கியிருக்கு. இப்பவே வேற போட்டுடறேன்."

புருஷன் முகத்துல அப்படி ஒரு ஏமாத்தம். "அப்ப பெட்ரோல் திருட்டு?"

"உறிஞ்சினா டேங்க் குறையுமே சார். குறைஞ்ச டேங்க்ல பெட்ரோல் இந்த மூடி வரைக்கும் எட்டாது. வாசனையே வராது. கழுத்து வரைக்கும் ரொப்பினாத்தான் கசியும்."

அவ மூக்கைப் பொத்தியிருந்த முந்தானைய எடுத்துட்டா.

"ரெண்டு பேர் ஓட்டறீங்களாம்மா?" மோப்பம் அவளைப் பாத்தாரு. "ஒருத்தர் தளும்பத் தளும்ப ரொப்பறாரு. இன்னொருத்தர் சொட்டில்லாம காயப் போடறாரு. போன மாசம் பம்ப்பு எரிஞ்சதே, அப்படிக் காயப் போட்டு ஓட்டினதாலதான்."

"காயப் போடறது அவன்தான்!" புருஷன் முந்திக்கிட்டாரு. "ரொப்பறது நான்!"

"ஆனா..." அவ மெதுவாக் கேட்டா. "நீங்க தொடறதுக்கு முன்னாடியே, அவன் கொண்டாந்து விட்டவுடனேதானேங்க வாசனை வருது?"

விரல்ல சுத்திக்கிட்டிருந்த சாவி நின்னுது.

"உனக்கு வண்டியப் பத்தி என்னடி தெரியும்? சும்மா இரு. யோவ், ரிங்கை மாட்டு, ஆபீசுக்கு நேரமாச்சு!"

அப்பத்தான் பங்க் அக்கா காதுலேர்ந்து ஒயரைக் கழட்டிட்டு, டயரை விட்டு எழுந்து, வண்டியச் சுத்தி வந்து பாத்தா.

"அட, இது அந்த மாமா வண்டியாச்சே!"

"எந்த மாமா?"ன்னா அவ.

"எனக்கென்னம்மா தெரியும்? வாராவாரம் ஒரு தம்பி நம்ம பங்க்குக்கு இதைக் கொண்டுவரும். போன வாரம் நடுரோட்டுல நின்னுபோயி, தள்ளிக்கிட்டே வந்துச்சு. உள்ள அதோட அம்மா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. 'காலி வண்டிய எதுக்குப்பா எடுத்தே?'ன்னு கேட்டேன். 'சிவப்பு லைட் எரிஞ்சாத்தான் மாமா சாவியே குடுப்பாரு. திருப்பி விடறப்ப ஃபுல்லா இல்லேன்னா எங்க அக்காவக் குத்திக்காட்டுவாரு'ன்னுச்சு. போறப்பவும் போடும், வர்றப்பவும் போடும். 'அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்'னு வேற சொல்லுச்சு."

அவ கார்க் கதவை இறுக்கிப் பிடிச்சா. புருஷனைத் திரும்பிப் பாத்தா. அவரு பின்சீட்டுக்கடியில எதையோ தேடற மாதிரி குனிஞ்சிட்டாரு.

பங்க் அக்கா அந்த வெள்ளைச் சட்டையப் பாத்தா, கையிலிருந்த சாவியப் பாத்தா, அவர் திறந்துவிட்ட பின்கதவைப் பாத்தா. பாவமாப் போச்சு அவளுக்கு.

"டிரைவர் வேலைக்குப் புதுசா சார் நீங்க? பெத்த அம்மாவக் கண்ணு மாதிரி பாத்துக்கற பிள்ளையவே அந்தப் பாடு படுத்தற மனுஷன்... உங்களை என்ன பாடு படுத்தப் போறானோ!"