பக்கத்து வீட்டுப் பொங்கல்

“வாயைத் திற பிள்ளை. எவ்வளவு சாப்பிட்டனீ?”

மகள் அபிநயாவின் உதடுகளில் சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்தது. பிரேமிளா அவளின் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்தாள். பக்கத்து வீட்டு ஜெயரூபி ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கொண்டுவந்து கொடுக்கிற பொங்கலை, கிறிஸ்தவ சபையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒருவருக்கும் தெரியாமல் கோழிகளுக்குப் போட்டுவிடுவாள். இன்றைக்கு அதற்குள் மகள் முந்திவிட்டாள்.

“படைச்சதைத் தின்னுறது பேயோடை பந்தியிலை இருக்கிற மாதிரி” என்று போதகர் சொன்னது காதுக்குள் கேட்டது. பிள்ளையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். பிள்ளை சத்தியெடுத்து வீரிட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு ஜெயரூபி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்தாள்.

“என்ன பிரேமி, பிள்ளைக்கு என்ன?”

“அக்கா, அது சாமிக்குப் படைச்சதெல்லோ. பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு பயமாக்கிடக்கு.”

ஜெயரூபி பிள்ளையின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“அது படைச்சதில்லையடி. நீ வேதத்துக்குப் போன நாளிலையிருந்து, பொங்கினவுடனை உன்ரை பங்கை வேறையா எடுத்து வைச்சிட்டுத்தான் சூரியனுக்குப் படைக்கிறனான்.”

பிரேமிளாவும் பொங்கிப் படைக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான்.

“படைக்க முதல் பானையிலையிருந்து எடுக்கக் கூடாதெல்லோ அக்கா? சாமிக் குற்றமெல்லோ?”

“குற்றந்தான்” என்றாள் ஜெயரூபி மெல்ல. “வருசாவருசம் பயந்து பயந்துதான் எடுக்கிறனான்.”