இடது கன்னத்து முத்தம்

ஒவ்வொரு வியாழன் மாலையும் பாரிஸிலிருந்து வரும் அதிவேக ரயிலுக்காக ஒடில் பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்தில் காத்திருப்பாள். அங்கே வேலை பார்க்கும் கணவன் பெர்த்ரான் இறங்கி வந்து அவள் வலது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பான். பிரஸ்ஸல்ஸ்காரர்களுக்கு ஒன்றுதான் வழக்கம். இரண்டு கன்னத்திலும் கொடுப்பவர்கள் பாரிஸ்காரர்கள்.

அந்த வியாழன் இடது கன்னத்திலும் ஒன்று விழுந்தது. ஒடில் அவனை முறைத்தாள்.

"எவ கத்துக்குடுத்தா இந்த ரெண்டாவதை?"

"எந்த ரெண்டாவது? ஒண்ணுதானே குடுத்தேன்! ஸ்டேஷன்லயே ஆரம்பிச்சிட்டியா?"

வீட்டுக்கு வந்து இடது கன்னத்தைத் துடைத்தாள். கைக்குட்டையில் உதட்டுச்சாயம் ஒட்டியது. ஒடில் சாயம் பூசுகிறவள் இல்லை.

அடுத்த வாரம் அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்த்ரான் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுக்கக் குனிந்தான். அவன் குனிந்திருக்கும்போதே இடது கன்னத்தில் இன்னொன்று ஈரமாகப் பதிந்தது. பக்கத்தில் யாருமில்லை.

"அவளையும் கூடவே கூட்டிட்டு வர்றியா?"

"இந்த ரயில்லயா? என் ஒருத்தனுக்கே டிக்கெட் கட்டுப்படியாகல" என்று சிரித்தான்.

மூன்றாம் வாரம், ரயில் வருவதற்குச் சற்று முன்பு அவனிடமிருந்து போன் வந்தது. "மீட்டிங் இழுத்துடுச்சு ஒடில், ரயிலை விட்டுட்டேன். காலைல வர்றேன்." அவனுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

ரயில் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். காலியான நடைமேடையில் ஒடில் நகராமல் நின்றாள்.

இடது கன்னத்தில் முத்தம் விழுந்தது. கூடவே ஒரு சொட்டுக் கண்ணீரும். அது அவளுடையது இல்லை.

ஒடில் துடைக்கவில்லை.

"ஏன்டி, உன்னையும் ஏமாத்திட்டானா?" என்றாள்.